ஓட்டம் முடிந்த குதிரையை யாரிடம் கொடுப்பது? (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வீடு திருவொற்றியூரில். அப்பா கிண்டி ரேஸ் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தவர். அவர் பார்த்துக்கொண்ட குதிரைக்கு ஆறு வயது, காயடித்த ஆண். முன்காலில் தசைநார் கிழிந்ததால் இனி ஓடாது. முதலாளி, "காசு வேண்டாம், நீயே கொண்டுபோ" என்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மணல் தரையில் கட்டிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் ஆசை. பீச்சில் சவாரி விடுபவரும், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புபவரும் கேட்கிறார்கள். இருவருமே நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ம., திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

இருவரிடமும் கொடுக்க வேண்டாம். கிழிந்த தசைநாருக்கு ஆழமான மணல் ஆகவே ஆகாது. கால் புதையப் புதைய அந்த நார்தான் இழுபடும். பீச்சில் நாள் முழுக்க அதே வேலை. ஊர்வலத்தில் பேண்டும் பட்டாசும். மிரண்டால் ஓடுவது குதிரையின் சுபாவம், இதுவோ ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. கூட்டத்துக்கு நடுவில் அதைக் கொண்டுபோய் நிறுத்துவது மனிதர்களுக்கும் ஆபத்து.

உங்கள் வீட்டுப் பின்புறமும் சரிவராது. மணல் தரையில் தீனி போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்று வலி வந்தால் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலால் தரையைக் கீறும், வேர்த்துக் கொட்டும், கீழே விழுந்து புரளும். அப்பாவிடம் கேளுங்கள், இதை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

அப்பாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தக் குதிரை இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருக்கும். அத்தனை வருஷத்துக்கும் புல்லும் இடமும் துணையும் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் வடக்கே போய்த் தேடுங்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் தோப்போ மேய்ச்சல் நிலமோ வைத்து, ஏற்கெனவே ஒரு குதிரை வளர்ப்பவராக இருந்தால் நல்லது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனியாக நின்றால் ஏங்கிப்போகும். வேறு குதிரை இல்லையென்றால் கழுதையோ ஆடோ கூட இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்காத மேடு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். சேற்றிலேயே நின்றால் குளம்பு கெட்டுவிடும்.

அப்புறம் செலவைப் பற்றிப் பேசுங்கள். தீனி இருக்கிறது, ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள் வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை பல்லைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் எதிரே இருப்பவர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அவரை நம்பலாம். "அதெல்லாம் ஆண்டவன் பார்த்துப்பான்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலைக் காட்டுங்கள். லாயத்தில் ஓட்ஸ் தின்று பழகிய வயிறு, அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஓட்ஸைக் குறைத்துக்கொண்டே வந்து புல்லைக் கூட்டுங்கள். வெறும் வைக்கோலை மட்டும் போட்டு வைத்தால் சத்தும் கிடைக்காது, குடலும் அடைக்கும். முதல் சில மாதம் யாரும் மேலே ஏறக் கூடாது. புது இடத்தில் ஆரம்பத்தில் அப்பா கூடவே தங்க முடிந்தால் தங்கட்டும். அவர் குரல் கேட்டால் அது பயமில்லாமல் தின்னும்.

முதலாளியிடம் குதிரையின் பாஸ்போர்ட்டையும் மைக்ரோசிப் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வளர்ப்பவரிடமும் எழுதி வாங்க வேண்டும்: விற்கக் கூடாது, சவாரிக்கு விடக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. காசு வாங்காமல் கொடுத்துவிட்டதோடு முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. அது ஓடியதும் காலைக் கெடுத்துக்கொண்டதும் அவருக்காகத்தான். முதல் ஒரு வருஷத் தீனிச் செலவை அவரிடம் கேளுங்கள். அத்தனை வருஷம் அவரிடம் சம்பளம் வாங்கிய அப்பா வாய் திறக்க மாட்டார். நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா