இடது காதில் குடம் கேட்கவில்லை

வணக்கம் சார்,

ஓணத்துக்கு ஒரு டைனமிக், நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பாகங்கள்) உள்ள ஐ.இ.எம்., அதாவது காதுத்துளைக்குள் செருகும் இயர்போன், வாங்கினேன். விலை அதிகம்தான். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் பதிவுசெய்த வில்லுப்பாட்டைப் போட்டுப் பார்த்தால் வில்லின் மணிச்சத்தம் காதைக் குத்துகிறது. குடம் வலது காதில் கேட்கிறது, இடது காதில் இல்லவே இல்லை. 200 மணி நேரம் ஓடவிடு, சரியாகும் என்கிறான் நண்பன். வெள்ளிக் கேபிள் போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

கேபிளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 200 மணி நேரமும் வேண்டாம்.

முதலில் போன் செட்டிங்கில், இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ ஆடியோவை ஆன் செய்து கேளுங்கள். குடம் அடிப்பவர் மைக்குக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால் பதிவிலேயே அது வலப்பக்கம்தான் இருக்கும். மோனோவிலும் இடது காதில் வரவில்லை என்றால் என் சந்தேகம் டிப் (காதுத்துளையை அடைக்கும் ரப்பர் அல்லது ஃபோம் முனை) மேல்தான்.

குடத்தின் வாயில் மட்டை விழும்போது உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து எழும் ஒலி அடிப்பக்கத்து ஒலி (பாஸ்). காதுத்துளை நன்றாக அடைபட்டால்தான் அதற்கு அழுத்தம் கிடைக்கும். டிப்புக்கும் தோலுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருந்தால் போதும், அந்த அடி ஒலி கசிந்துவிடும். மணியின் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. குடம் போனபின் மணி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் குத்துகிறது.

50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, தாடையை அசைத்துத் தலையைத் திருப்புங்கள். ஒலி ஏறி இறங்கினால் கசிவு உண்டு. இடது காதுக்கு ஒரு அளவு பெரிய டிப் போடுங்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம். மாட்டும்போது எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, வாயைத் திறந்தபடி லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். ஃபோம் டிப் என்றால் விரலில் உருட்டி மெலிதாக்கி, உள்ளே வைத்து, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் இந்த அரை நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

டிப் மாற்றியும் வரவில்லையா? இடது பீஸை வலது காதில் மாட்டிப் பாருங்கள். இயர்போனின் ஓடு சரியாக உட்காராது, ஓட்டிலுள்ள சிறு காற்றுத்துளையை மூடாமல் விரலால் பிடித்துக்கொண்டால் போதும். அங்கே குடம் வந்தால் டிப் விஷயம்தான். அங்கேயும் எல்லா ஒலியும் மங்கலாக இருந்தால், ஒலி வெளிவரும் குழாயின் முனையிலுள்ள வலையில் அழுக்கோ ஈரமோ. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. குளித்த ஈரக் காதில் மாட்டவே மாட்டாதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வலையை ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளேதான் போகும். குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். வலை சுத்தமாக இருந்தும் அடி ஒலி மட்டும் இல்லை என்றால் அதைத் தரும் டைனமிக் டிரைவரைச் சந்தேகிக்கலாம், வாரண்டிக்கு அனுப்புங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. இயர்போனில் இரண்டு ஊசிமுனையால் செருகும் 2 பின் கேபிளை ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால், தனித்தனியே கேட்க இரண்டு காதும் சரியாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் வில்லுப்பாட்டு பாடும் புலவரின் குரல் நடுவில் நிற்காது, குடமும் மெலியும்.

குடம் வந்த பிறகும் மணி குத்தினால் ஆழத்தைப் பாருங்கள். டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே உள்ள காற்றுக்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தூக்கல் உண்டு. 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப்பைச் சின்ன வால்யூமில் கேட்டால், ஒரு இடத்தில் சத்தம் திடீரென்று எகிறுவது தெரியும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள், அந்த இடம் மேலே நகரும். வில்லின் மணிக்கு அவ்வளவு நகர்வே பெரிய வித்தியாசம்.

இத்தனையும் செய்தபின் அதே கொடைப் பதிவைக் கேளுங்கள். வீசுகோல் நாணில் விழும் தட்டும், அதை ஒட்டி மணிகள் குலுங்குவதும் இரண்டாகப் பிரிந்து கேட்க வேண்டும். நீங்கள் கொடுத்த விலைக்கு அந்தப் பிரிவு கட்டாயம் வரவேண்டும். வராவிட்டால் எந்த டிப், எந்த அளவு, 50 ஹெர்ட்ஸில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.