லண்டன் அண்ணன் ஏன் காசு அனுப்பவில்லை?

வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் கிழக்கு லண்டனில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இப்போது, கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கி ஒன்றில் தொண்டர்.

கேள்வி: என் அண்ணன் லண்டன் போய்ப் பதினாறு வருடம். மாதாமாதம் அம்மாவுக்கு 100 பவுண்ஸ் அனுப்புவார். எட்டு மாதமாக ஒன்றும் இல்லை. கேட்டால் "கஷ்டமாக் கிடக்கு" என்று போனை வைத்துவிடுகிறார். போன மாதம் அண்ணி வாய்தவறி, ஏதோ தேவாலய மண்டபத்தில் இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் எடுப்பதாகச் சொல்லிவிட்டா. அண்ணனுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை இருக்கிறது. மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஆறு வயது. வேலை செய்கிறவருக்கு லண்டனில் சாப்பாட்டுக்கு வழியில்லையா? எங்களை ஏமாற்றுகிறார்களா?
வாசகி, கொக்குவில்

பதில்: ஏமாற்றவில்லை, தங்கச்சி. உங்கள் அண்ணி சொன்னது போன்ற மண்டபம் ஒன்றில்தான் பதினொரு வருடமாக நான் செவ்வாய்க்கிழமைகளில் சாமான் கட்டிக் கொடுக்கிறேன். பாஸ்தா, டின் அவரை, டின் மீன், தக்காளி, சூப், நீண்டநாள் பால், தேயிலை. ஒரு குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு. எங்கள் மண்டபத்தில் நினைத்த நேரம் வந்து வாங்க முடியாது. வைத்தியரோ பாடசாலையோ ஆலோசனை நிலையமோ துண்டு எழுதித் தர வேண்டும். அந்தத் துண்டுக்காக உங்கள் அண்ணனும் அண்ணியும் முதலில் ஓர் அந்நியரிடம் "வீட்டில் சாப்பாடு இல்லை" என்று வாய்திறந்து சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் ஒரு பவுண்ஸை ஏறக்குறைய 400 ரூபாயால் பெருக்கிப் பார்க்கிறீர்கள். அவர் செலவழிப்பதும் பவுண்ஸில்தான். 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 பவுண்ஸ். பெற்றோல் நிலையத்தில் முன்பு கிழமைக்கு 45 மணித்தியாலம் செய்தவர்களுக்கு இப்போது முப்பதுதான் கிடைக்கிறது என்று வரிசையில் நிற்கிற பலர் சொல்கிறார்கள். முப்பது என்றே வையுங்கள். அந்தச் சம்பளத்தில் வரியும் காப்புறுதிப் பணமும் போக மாதம் கையில் வருவது 1,440 பவுண்ஸ் அளவு. எங்கள் பகுதியில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 1,800. இந்தக் கணக்கு எந்தக் கெட்டிக்காரன் போட்டாலும் சரிவராது. மிச்சத்துக்கு அரசு தருகிற யூனிவர்சல் கிரெடிற் என்ற உதவிப்பணத்தைத்தான் நம்ப வேண்டும். புதிதாக விண்ணப்பித்தால் முதல் காசு வர ஐந்து கிழமை. முற்பணம் கேட்டால் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் வெட்டுவார்கள். அதில் வாடகைக்கென்று தரும் பங்கின் உச்சவரம்பு 2024 ஏப்ரலுக்குப் பிறகு உயரவேயில்லை. வாடகை ஏறுவது நிற்கவில்லை.

கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு யூனிவர்சல் கிரெடிற்றில் பங்கில்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மாதம் முந்நூறு பவுண்ஸுக்குக் கிட்டவான இழப்பு அது. பிள்ளைக்குப் பசிக்கும்போது நீ எத்தனையாவது என்று வயிறு பார்க்குமா? 2026 ஏப்ரலில் இருந்து அதை எடுத்துவிடுவதாக நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் எட்டு வருடத்துக்கு மேலாக அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைகளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும்.

உங்கள் அண்ணன் தனி ஆளில்லை. 2023-24 கணக்குப்படி, வாடகை போக மிஞ்சுகிற வருமானத்தை வைத்துப் பார்த்தால், இந்த நாட்டில் 45 இலட்சம் பிள்ளைகள் வறுமையில். நூற்றுக்கு 31 பேர். அவர்களில் நூற்றுக்கு 72 பேரின் வீட்டில் யாரோ ஒருவராவது வேலைக்குப் போகிறார். ட்ரசல் என்ற அமைப்பின் உணவு வங்கிகள் 2010-11ல் கொடுத்த பொதிகள் 61,000 அளவுதான். 2024-25ல் 29 இலட்சம்.

வரிசையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். போன பனிக்காலம் ஒரு தாய், எங்கட பிள்ளைதான், பையிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்து மேசையில் திருப்பி வைத்தாள். "இது வேண்டாம் அக்கா, அவிக்கக் கரண்ட் போகும்." அவள் வீட்டில் காசு போட்டால்தான் மின்சாரம் தரும் மீற்றர். ஒரு சாவியைக் கடையில் கொடுத்துப் பத்தோ ஐந்தோ பவுண்ஸ் ஏற்றிக்கொண்டு வந்து செருக வேண்டும். ஹீற்றரே போடாமல் விட்டாலும் மீற்றரின் நாள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நாங்கள் 'கேத்தில் பொதி' என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறோம். கொதிதண்ணீர் ஊற்றினால் போதும், சாப்பிடலாம். அடுப்பே இல்லாத ஒற்றை அறையில் பிள்ளைகளோடு இருப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது நானும் நடந்தேன். சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிவாரணக் கூப்பனோடு அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் நின்றேன். எனக்கு முன்னால் என்னுடைய ரீச்சர் நின்றா, பின்னால் எங்கள் ஊர் நகைக்கடைக்காரர். ஒருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை, ஊரே நின்றது. லண்டனில் அப்படியில்லை. தெரிந்த முகம் கண்ணில் பட்டுவிடும் என்று இரண்டு பஸ் ஏறித் தூரத்து மண்டபத்துக்கு வருகிறார்கள். என் தெருவில் இருக்கும் ஒருவர் என்னைக் கண்டதும் கதவோடு திரும்பிப் போய்விட்டார். அன்று பின்னேரம் பையை நான் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் வந்தேன். அவர் இன்றுவரை அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் போனை வைத்துவிடுவதும் அந்த வெட்கத்தில்தான் என்று நினைக்கிறேன். ஊருக்குக் காசு அனுப்புவதற்காகச் சீட்டைக் கழித்து எடுத்தவர்களையும், கடன் அட்டையில் எடுத்து அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். அவர் அந்தக் குழியில் விழாமல் நிறுத்தியிருக்கிறார் என்றால் அது பிள்ளைகளுக்கு நல்லது. நீங்கள் எடுத்துப் பேசுங்கள். காசுக் கதையே வேண்டாம். "அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அண்ணா, பிள்ளைகள் சாப்பிட்டதுகளா?" என்று கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கதைக்க விடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தமிழ்நாட்டிலிருந்து 2023ல் பராமரிப்பு வேலை விசாவில் கணவரோடும் மகளோடும் வந்தேன். வேலை தந்த நிறுவனம் சொன்ன நேரத்தில் பாதிகூடத் தருவதில்லை. விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' கிடையாது என்று இருக்கிறது. உணவு வங்கிக்குப் போனாலோ, மகள் பள்ளியில் இலவசமாகச் சாப்பிட்டாலோ விசா போய்விடுமா?
ஊர் வேண்டாம், இங்கிலாந்து

பதில்: போகாது அம்மா. பயந்துகொண்டு பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பப்ளிக் ஃபண்ட்ஸ் என்பது சட்டத்தில் எழுதி வைத்த அரசு உதவிகளின் பட்டியல். யூனிவர்சல் கிரெடிற், பிள்ளைகளுக்கான மாதப் பணம், கவுன்சில் என்ற உள்ளூராட்சி மன்றம் தரும் வீடு போன்றவை அதில் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள், அதுதான் விசாவைப் பாதிக்கும். உணவு வங்கி தொண்டு. அது பட்டியலில் இல்லை, பள்ளிச் சாப்பாடும் இல்லை, வைத்தியமும் இல்லை. வைத்தியத்துக்கு விசாவோடு சேர்ந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். லண்டன் என்றால் 2023 செப்டம்பரில் இருந்து ஆரம்பப் பள்ளி முழுவதற்கும். அதற்கு மேல் வகுப்பு என்றாலும், உங்கள் விசா நிலையில் இருக்கும் குறைவருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழி உண்டு. பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். நான் சமையலறையில் நின்ற காலத்தில், சாப்பாட்டுக் கடன் ஏறிவிட்டது என்று தட்டை எடுக்காமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தாய் ஒரு படிவம் நிரப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

வாடகை கட்ட முடியாமல் பிள்ளையோடு தெருவில் நிற்கும் நிலை வந்தால், 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பிரிவு 17, என்று கவுன்சிலில் சொல்லுங்கள். தேவையில் இருக்கும் பிள்ளைக்கு உதவுவது அவர்கள் கடமை. அதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை. முதல் தரம் முடியாது என்று சொல்லக்கூடும். எழுத்தில் கேளுங்கள், ஆலோசனை நிலையத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலையை மாற்றுவது பற்றிப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் மட்டும் கேளுங்கள். 'எனக்கு ஆளைத் தெரியும்' என்று சொல்கிற ஒருவருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் உணவு வங்கிக்குச் சாமான் சேர்க்க விரும்புகிறார்கள். எதைக் கொண்டுவரச் சொல்லட்டும்?
ஆசிரியை, ஹரோ

பதில்: பாஸ்தாவும் அவரையும் நிறைய வரும். வளையம் இழுத்துத் திறக்கும் டின்கள், சின்னப் போத்தலில் சமையல் எண்ணெய், பெண்களுக்கான பாட்கள், சலவைத் தூள், பற்பசை கொண்டுவரச் சொல்லுங்கள். பருப்பும் சின்ன அரிசிப் பையும் எங்கட ஆட்களுக்கு உதவும். நாப்பி வாங்குவதென்றால் பிறந்த குழந்தை அளவு வேண்டாம், எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். ஐந்தும் ஆறும் அளவு பத்தரை மணிக்கே முடிந்துவிடும்.