கட்சி இல்லாத தேர்தல்: ஃபாக்லாந்து தீவுகள்

கேள்வி: ஃபாக்லாந்து தீவுகளின் மக்கள்தொகை நான்காயிரத்தைக்கூட எட்டவில்லை, அங்கே அரசியல் கட்சிகளும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் சட்டப்பேரவைத் தேர்தலில் மக்கள் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள்? அந்தப் பேரவைக்கு உண்மையான அதிகாரம் உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அதிகாரம் உண்டு. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள இத்தீவுகள் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டவை; எனவே பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டனின் பொறுப்பு. கல்வி, மருத்துவம், சாலை, வரி, வரவு செலவுத் திட்டம் ஆகியவை பேரவையின் கையில் இருக்கின்றன. கணவாய் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் வழங்கும் முறை 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பிறகு, ஆட்டு ரோமத்தை நம்பியிருந்த தீவுகளின் வருவாய் பன்மடங்கு பெருகியது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதே அங்கே தேர்தலின் உயிர்நாடியான கேள்வி.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தலைநகர் ஸ்டான்லிக்கு ஐந்து இடங்கள். அதற்கு வெளியே உள்ள நிலப்பரப்பு முழுவதும் 'கேம்ப்' என்ற ஒரே தொகுதி, அதற்கு மூன்று இடங்கள். ஸ்டான்லி வாக்காளர் ஐந்து பேர் வரையிலும், கேம்ப் வாக்காளர் மூன்று பேர் வரையிலும் தேர்ந்தெடுக்கலாம். போட்டியிடுவோர் அனைவரும் சுயேச்சைகள் என்பதால், வேட்பாளரின் நடத்தையையும் உழைப்பையும் நேரில் அறிந்தே மக்கள் வாக்களிக்கிறார்கள். இதில் ஓர் இழப்பும் இருப்பதை மறுக்க முடியாது: ஒரு முழுமையான ஆட்சித் திட்டத்தை முன்வைத்து, அதற்காக மொத்தமாக வாக்குக் கேட்பவர் எவரும் இல்லை. தேர்தல் முடிந்த பிறகே, எட்டுப் பேரும் கூடிப் பேசி ஒரு பொதுத் திட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது. முதலமைச்சர் என்ற பதவியும் கிடையாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் மூவரைத் தேர்ந்தெடுத்து நிர்வாகக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். அக்குழுவுக்கு ஆளுநர் தலைமை வகிக்கிறார்.

தொகுதிப் பிரிவினைதான் அங்கே நீண்ட காலமாகத் தீராத விவாதம். ஒரு காலத்தில் நான்கு நான்கு எனச் சமமாக இருந்த இடங்கள், மக்கள் பண்ணைகளை விட்டு ஸ்டான்லிக்குக் குடிபெயர்ந்ததால் ஐந்து, மூன்று என மாறின. இன்று கேம்பில் சில நூறு பேரே வசிக்கிறார்கள். எனவே அங்கே ஒரு வாக்கின் எடை ஸ்டான்லியில் இருப்பதைவிடக் கூடுதல். இரண்டையும் இணைத்து ஒரே தொகுதியாக்கலாமா என்று 2011இலும் 2020இலும் பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது; இருமுறையும் அந்த யோசனை ஏற்கப்படவில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நியாயமற்றது என்றே தோன்றும். ஆயினும், அடுத்த வீடே பல மைல் தொலைவில் இருக்க, மருத்துவரைப் பார்ப்பதற்கும் சிறு விமானத்தை எதிர்பார்க்கும் மக்களின் தேவைகளை ஸ்டான்லியில் வாழ்பவர் அதே அழுத்தத்துடன் பேசுவார் என்று நான் நம்பவில்லை. அந்த மூன்று இடங்கள் நீடிப்பதே சரி என்பது என் கருத்து.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. 'ஃபாக்லாந்து தகுதி' எனப்படும் சட்டபூர்வ உரிமை பெற்ற, 18 வயது நிறைந்தவர்களுக்கே வாக்குரிமை. செயின்ட் ஹெலினா, சிலி, பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலிருந்து வந்து கடைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கும் பலர், அந்தத் தகுதியைப் பெறும் வரை, தாங்கள் வரி செலுத்தும் அரசைத் தேர்ந்தெடுப்பதில் பங்கில்லாமலே வாழ்கிறார்கள். இவ்வளவு சிறிய சமூகத்தில் அவர்களின் எண்ணிக்கை புறக்கணிக்கக் கூடியதன்று. தொகுதி எல்லையைக் குறித்து நடந்த விவாதத்தில் பாதியாவது இவர்களைக் குறித்தும் நடந்தாக வேண்டும்.