ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நேற்றிலிருந்து வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் கக்கிவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் குழந்தையைப் பாருங்கள். கண் குழி விழுந்திருக்கிறதா? அழுதால் கண்ணீர் வரவில்லையா? 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? துவண்டு கிடக்கிறதா? மலத்தில் ரத்தமா, வாந்தி பச்சை நிறமா? ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

இவை எதுவும் இல்லையென்றால், கக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் கொடுக்கிற வேகம்தான். தாகத்தில் இருக்கும் பிள்ளை பாட்டிலைக் கண்டால் மடமடவென்று குடிக்கும். குடித்த அத்தனையும் வெளியே வந்துவிடும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விடுங்கள். பிறகு டீஸ்பூனிலோ பாலாடையிலோ 5 மி.லி., இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போய்விடும். வாந்தி அடங்கிய பின், ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மி.லி. கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொடியைக் கலக்குவதிலும் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு, உறையிலேயே அளவு போட்டிருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்தால் உப்பும் குளுக்கோஸும் சமமாக வராது. வீட்டு டம்ளரை 200 மி.லி. என்று நம்ப வேண்டாம். பால் பாட்டிலில் உள்ள கோட்டை வைத்து அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும், கூடினால் இழந்த உப்பு திரும்பாது. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் இனிப்புப் பானங்களை வாங்காதீர்கள். குடலுக்குள் சேரும் அதிகப்படிச் சர்க்கரை உடம்பின் தண்ணீரை இழுத்து, பேதியைக் கூட்டும். அப்படிப்பட்ட பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பொடியைக் கேட்டு வாங்குங்கள். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது, அதனால் ஓ.ஆர்.எஸ்ஸுக்கு அது ஈடாகாது.

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், பருப்புக் கஞ்சி எல்லாம் கொடுக்கலாம். வயிற்றைக் காயப்போட்டால் குடல் தேறத் தாமதமாகும். பெரியவர்களுக்குப் பேதியை நிறுத்தத் தரும் லோபரமைடு மாத்திரை இந்த வயதில் ஆபத்து. ஆன்டிபயாடிக்கும் நீங்களாக வாங்க வேண்டாம், பெரும்பாலான பேதி வைரஸால் வருவது. பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது என்று யாராவது சொன்னால் காத்திருந்துவிடாதீர்கள். வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவர்களிடம் கூட்டிப்போகவும் வேண்டாம். அந்த அலைச்சலில் போகும் நேரம் குழந்தைக்கு மிகவும் முக்கியமானது.

துத்தநாகம், அதாவது ஜிங்க், மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். 6 மாதத்துக்கு மேல் வழக்கமான அளவு நாளுக்கு 20 மி.கி., 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதை அது குறைக்கும்.