வரிசையில் நிற்கிற பிள்ளை எப்போது ஆடும்? சிறுவர் கால்பந்துப் பயிற்சி: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பெற்றோரும் பி.இ.டி. (உடற்கல்வி) ஆசிரியர்களும் கேட்டவை இவை. பதில்கள் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துச் சொன்னவை.

காட்பாடி, பி.இ.டி. ஆசிரியர்: ஆறாவது, ஏழாவது பசங்க 32 பேர் சார். பந்து நாலுதான் இருக்கு. பீரியடு 45 நிமிஷம். எப்படி ஓட்டறது?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம் சார். எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தி, கோன்களுக்கு நடுவே பந்தை உருட்டிப் போய் வரச் சொன்னால் ஒருவனுக்கு 20 வினாடி ஆகும். அடுத்த முறை வர 140 வினாடி நிற்க வேண்டும். 45 நிமிஷம் முழுக்க இப்படியே நடத்தினாலும் பந்து அவன் காலில் இருப்பது ஆறு நிமிஷம்கூட இல்லை. மற்ற நேரம் முன்னால் நிற்பவனைக் கிள்ளுவான். அதற்கு அவனைத் திட்டுவது நியாயமில்லை.

அதே நாலு பந்தில் நாலு ஆட்டம் நடத்தலாம். 25 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலத்தில் நாலு கட்டம் போடுங்கள். இடையில் 3 மீட்டர் சந்து விட்டாலும் மொத்தம் 53-க்கு 39 மீட்டர் இடம் போதும். ஒரு கட்டத்தில் நாலுக்கு நாலு. கோல் கீப்பர் வேண்டாம், ஆஃப்சைடு விதி வேண்டாம். கோல் 2 மீட்டர் அகலம். கோன் இல்லையென்றால் பாதி மணல் போட்ட தண்ணீர் பாட்டில் வையுங்கள். செங்கல் மட்டும் வேண்டாம், வெறுங்காலோடு ஆடுகிறவன் விரல் பெயர்ந்துவிடும்.

வந்ததும் 8 நிமிஷம் நேராக ஆட்டம். பிறகு 12 நிமிஷம் ஒரே ஒரு விஷயம். எதிராளிக்கு முதுகு காட்டிப் பந்தைத் திருப்புவது என்றால் அன்றைக்கு அது மட்டும்தான். மூன்று விஷயம் சொன்னால் ஒன்றும் தங்காது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி 20 நிமிஷம் ஆட்டம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜெயித்த அணி ஒரு கட்டம் மேலே, தோற்ற அணி ஒரு கட்டம் கீழே. மூன்றாவது, நாலாவது சுற்றிலேயே சமபலமான அணிகள் எதிரெதிரே வந்துவிடும்.

எட்டுப் பேரும் பந்தைச் சுற்றி ஈயாக மொய்ப்பார்கள். "பரவி நில்லு" என்று கத்திப் பயனில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு கோலுக்குப் பதில் மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன கோல் வையுங்கள். ஒரு மூலையில் கூட்டம் இருந்தால் மறுமூலை காலி என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். மைதானத்தை நாலு ரவுண்டு சுற்றவிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓட்டமெல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

சத்துவாச்சாரி, ஒரு அம்மா: பையனுக்கு 8 வயசு. அஞ்சாம் நம்பர் பந்தும், வளர்ற பையன்னு ஒரு சைஸ் பெரிய ஸ்டட்ஸ் ஷூவும் வாங்கிட்டோம். சரியா?

இரண்டையும் எடுத்து வையுங்கள் அம்மா, பிறகு உதவும். அஞ்சாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம். 13 வயதிலிருந்துதான் அது. 8 முதல் 12 வரை நாலாம் நம்பர் (350 முதல் 390 கிராம்), அதற்குக் கீழே மூன்றாம் நம்பர். கனமான பந்தை உதைக்க உடம்பைப் பின்னால் சாய்ப்பான். அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. சைக்கிள் கடையில் கல் மாதிரி காற்று அடித்துத் தருவார்கள், அதுவும் வேண்டாம். எவ்வளவு காற்று என்பது ஊசித்துளைப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். ஊசியை நனைத்துவிட்டுச் சொருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும்.

நம்ம ஊர்க் கட்டாந்தரையில் ஷூவுக்கு அடியில் உள்ள நீள முளைகள் (ஸ்டட்ஸ்) இறங்காது. குதிகாலுக்கு அடியில் கூழாங்கல் வைத்து நடப்பது போல் இருக்கும். அடியில் குட்டிக் குட்டி ரப்பர் முளைகள் நிறைய உள்ள டர்ஃப் ஷூ கேளுங்கள். சாயங்காலம், ஆடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் அரைக் கட்டைவிரல் அகலம் இடம் போதும். பெரிய ஷூவில் காகிதம் திணித்து ஆடினால் உள்ளே கால் வழுக்கிக் கொப்புளம் வரும், கணுக்காலும் பிசகும்.

குடியாத்தம், ஒரு அண்ணன்: தம்பிக்கு 10 வயசு. எது வந்தாலும் விரல் நுனியாலதான் குத்தறான். எப்படி மாத்தறது?

நெருக்கடியில் நுனியால் குத்தி கோல் போடுவது நல்ல ஆயுதம்தான். அது ஒன்றே தெரிந்திருப்பதுதான் சிக்கல். தூரத்துக்கு உதைக்கச் சொல்வதால்தான் பிள்ளைகள் நுனிக்குப் போகிறார்கள். ஆகவே 5 மீட்டரில் தொடங்குங்கள்.

ஊன்றுகால் பந்துக்குப் பக்கவாட்டில் அரைச் சாண் தள்ளி, அதன் விரல்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்கட்டும். உதைக்கிற காலை வெளிப்பக்கம் திருப்பி, விரலைத் தூக்கி, கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் நடுவில் தட்ட வேண்டும். பந்து மேலே எழும்பினால் அடிப்பாகத்தில் பட்டிருக்கிறது, உடம்பும் பின்னால் சாய்ந்திருக்கும். கோணலாகப் போனால் ஊன்றுகாலைப் பாருங்கள். சத்தில்லாமல் உருண்டால் கணுக்கால் தளர்ந்திருக்கிறது.

பந்தில் சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டு ஒரு பாஸ் அடிக்கச் சொல்லி ஷூவைப் பாருங்கள். வெள்ளைத் தடம் கட்டைவிரல் மூட்டுக்கும் குதிகாலுக்கும் நடுவே, உள்பக்க வளைவில் இருக்க வேண்டும். நுனியில் இருந்தால் அவனே பார்த்துத் திருத்திக்கொள்வான். பத்துத் தடவை சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும். தினம் சுவரில் வலதுகால் 50, இடதுகால் 50. பத்துக்கு எட்டு நேராக வந்தால் 8 மீட்டருக்குத் தள்ளுங்கள்.

ஆற்காடு: மே மாசம் சம்மர் கேம்ப் வைக்கலாமா? போன வருஷம் ரெண்டு பசங்க மயங்கிட்டாங்க.

கத்திரி வெயிலில் காலை 6 மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிப்பதானால் வையுங்கள். சாயங்காலம் 4 மணிக்குத் தரை இன்னும் கொதிக்கும். முதல் வாரம் பாதி அளவு ஆட்டம்தான். பிள்ளைகளின் உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் அடித்து நிறுத்துங்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறையும் 100 முதல் 250 மில்லி குடிக்க வேண்டும். முந்தின நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவனை ஆடவிடாதீர்கள். வெறும் வயிற்றோடு வந்தவனும் மயங்கி விழலாம். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டானா என்று வாசலிலேயே கேளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். தள்ளாடுகிறான், பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான் என்றால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே மற்றவர் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆம்பூர்: 11 வயசுப் பையன். ஆடி முடிச்சதும் குதிகால் வலின்னு நொண்டறான். அடி எதுவும் படலை.

குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள். துள்ளினால் பெரும்பாலும் வளர்ச்சித்தட்டு வலிதான். 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்பகுதி முழுக்கக் கூடாமல் இருக்கும். கெண்டைக்கால் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. பாலாற்று மணலிலும் ஆடுகிறானா என்று கேளுங்கள். மணலில் குதிகால் புதைவதால் இழுப்பு கூடும். ஆட்ட நேரத்தைப் பாதியாக்குங்கள், நொண்டினால் முழு ஓய்வு. ஆடியபின் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிஷம். ஷூவுக்குள் மெத்தென்ற குதிகால் பட்டை. கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி தினம் இரண்டு வேளை, வலிக்கும் அளவுக்கு இழுக்காமல். வீக்கம், காய்ச்சல், ராத்திரி வலி, இரண்டு மூன்று வாரத்தில் குறையாத வலி என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

வாலாஜா: ஹெட்டிங், அதான் தலையால பந்தை அடிக்கறது, எந்த வயசுல சொல்லிக் குடுக்கலாம்?

12-க்கு முன்னால் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல் 10 வயது வரை தடை அறிவித்தது. இங்கிலாந்து 2020-ல் தொடக்கப்பள்ளி வயதுப் பயிற்சியில் நிறுத்தச் சொன்னது. பிறகு தொடங்கும்போதும் லேசான பந்து, கையால் போட்டது, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போதும். தலையில் அடிபட்டவன் "ஒண்ணுமில்ல சார்" என்றாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது.

பேரணாம்பட்டு, ஒரு அப்பா: பொண்ணுக்கு 13. தலையில துணி கட்டிக்கிட்டு ஆட விதி இடம் குடுக்குதா?

தாராளமாக. 2014 முதல் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. துணி தலையோடு ஒட்டி இருக்க வேண்டும், ஊசி கூடாது. முழுக்கால் லெக்கிங்ஸும் போடலாம். தேசிய சீனியர் பெண்கள் போட்டியை 2018-லும் 2023-லும் ஜெயித்தது தமிழ்நாடு. உங்கள் மகளை அனுப்புங்கள். இந்த வயதில் முழங்காலைக் கவனிக்க வேண்டும். குதித்து இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் மடங்கினால் தசைநார் அறுபடும் அபாயம் அதிகம். வார்ம்-அப்பில் பத்து முறை குதித்து, முட்டி பாதத்துக்கு நேராக, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள்.

ராணிப்பேட்டை: டீம்ல உயரமான பசங்களைத்தான் எடுக்கறாங்க. என் பையன் டிசம்பர்ல பொறந்தவன், சின்ன உருவம். விட்டுடலாமா?

விடாதீர்கள். ஜனவரி 1-ஐ வைத்து வயது பார்க்கிற போட்டியில், ஜனவரியில் பிறந்தவன் உங்கள் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன். 12 வயதில் அது பெரிய வித்தியாசம், 17-ல் அநேகமாக இருக்காது. பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள். முன்கூட்டிப் பார்த்தவனுக்கு இடித்துத் தள்ள வேண்டிய தேவை குறைவு. எடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உயரத்தால் பந்தை வாங்குகிறவனையும் காலால் வாங்குகிறவனையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

மேல்விஷாரம்: கோல் கீப்பராகணும்னு ஒரு பையன் கேக்கறான். தரையோ கல்லு மாதிரி.

12 வயது வரை எல்லாரும் முறை வைத்து நிற்கட்டும். ஆசைப்படுகிறவனுக்குத் தனியாக விழக் கற்றுக்கொடுங்கள். அதற்கு ஆற்று மணல்தான் நல்ல இடம். முதல் பத்து நாள் முட்டி போட்டபடி, அடுத்த பத்து நாள் குந்தியபடி, அப்புறம்தான் நின்றபடி. தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டில் விழ வேண்டும். முழங்கை முதலில் ஊன்றினால் நிறுத்தி, மறுபடி முட்டி போடச் சொல்லுங்கள்.