தொட்டிக்குள் கொலு, தொட்டிக்குள் குடில்: வாசகர் கேள்விகள்

மகாளய அமாவாசை நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, செடிக்கு நடுவே பொம்மை வைப்பதைப் பற்றித்தான். இந்த முறை டிசம்பரில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான கேள்விகளும் முன்கூட்டியே வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சின்ன ஃபிளாட். படி கட்ட இடமில்லை. ஜன்னலோரத் தொட்டிகளிலேயே கொலு வைத்துவிடலாமா?

தாராளமாக வைக்கலாம். பொம்மையை ஈர மண்ணில் நேராக நிறுத்த மட்டும் வேண்டாம். கொலு பொம்மைகள் பெரும்பாலும் சுட்ட மண், இல்லையென்றால் காகிதக்கூழ். இரண்டுமே ஈரத்தை இழுக்கும். எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மை ஒரு வருடம் சிங்கோனியம் தொட்டியில் மளிகைக்கடை விரித்தார். விஜயதசமி முடிந்து எடுத்துப் பார்த்தால் காலடி வண்ணம் மொத்தமும் மண்ணோடு போயிருந்தது, வெள்ளை வேட்டி முட்டி வரை பழுப்பேறிக் கிடந்தது. செட்டிச்சி மட்டும் பக்கத்தில் ஒரு உடைந்த டைல்ஸ் துண்டின் மேல் இருந்ததால் தப்பித்தாள்.

அதிலிருந்து எல்லா பொம்மைக்கும் டைல்ஸ் துண்டுதான். வழவழப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். ஓரம் தெரியாமல் கூழாங்கல் போட்டு மறைத்துவிடலாம். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கனமான பொம்மை வேண்டாம், மண் இறுகிப்போகும்.

தொட்டியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாம்புச் செடியும் ஜீஜீ செடியும் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமலே இருந்துவிடும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஊற்றிவிட்டு பொம்மையை வைத்தால், எடுக்கும் வரை தொட வேண்டியதில்லை. பீஸ் லில்லி அப்படியில்லை, தாகம் வந்தால் ஒரே நாளில் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதைக் கொலுவில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, குத்துவிளக்கை இலைக்குக் கீழே வைக்காதீர்கள், நுனி கருகும்.

கொலுவுக்குப் பக்கத்தில் அமைக்கும் பார்க்குக்குக் கேழ்வரகு தூவினேன். மஞ்சளாக, நீளமாக வளர்ந்து சாய்ந்துவிட்டது. விதை சரியில்லையா?

விதையில் குறையில்லை, வெளிச்சம்தான் போதவில்லை. முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் அந்த வெளிர் மஞ்சள் நிறம் வருகிறது. அங்கே அது அழகு. பார்க்குக்குப் பச்சைதானே வேண்டும்? முளை தலைகாட்டியதும் தட்டை பால்கனிக்கு மாற்றி, கொலு வைக்கும் அன்றுதான் உள்ளே கொண்டுவாருங்கள். அதன் பிறகும் பகலில் ஜன்னல் திரையை விலக்கி வைத்தால் நல்லது.

நாள் கணக்கும் முக்கியம். கேழ்வரகு புல் மாதிரி தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கடுகும் வெந்தயமும் நாலைந்து நாளில் வந்துவிடும், வெந்தயத்தை மட்டும் முதல் நாள் இரவு ஊறப்போடுங்கள். மண்ணுக்குப் பதில் தென்னை நார்த்தூள் ஒரு அங்குல உயரத்துக்குப் போதும். தட்டும் கனக்காது. தண்ணீரைத் தெளிப்பானில் அடியுங்கள். சொம்பில் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

குடிலைச் சுற்றிப் பனி மாதிரி இருக்கட்டும் என்று சோற்றுக்கற்றாழைத் தொட்டியில் கல் உப்பு பரப்பினேன். செடி துவள்கிறது.

ஐயோ! உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுத்துவிடும். இன்றைக்கே செடியைப் பிடுங்கி, வேரை நன்றாக அலசி, நிழலில் இரண்டு நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண் வேறு எந்தத் தொட்டிக்கும் ஆகாது. கோலமாவைத் தூவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் வேண்டாம், தண்ணீர் பட்டால் மேலே பொறுக்கு மாதிரி கட்டிக்கொள்ளும். வெள்ளைக் கூழாங்கல் போதும். பஞ்சு வைத்தே ஆக வேண்டுமென்றால் தொட்டிக்கு வெளியே வையுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியா இப்போது வெறும் பச்சையாக நிற்கிறது. சிவப்பு திரும்ப வருமா?

வரும், ஆனால் மெனக்கெட வேண்டும். அந்தச் சிவப்பு பூவல்ல, நிறம் மாறும் இலைகள். நீண்ட இரவு கிடைத்தால்தான் மாறும். அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாலை ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்கு எடுங்கள். எட்டிலிருந்து பத்து வாரம் இப்படிச் செய்ய வேண்டும். நடுவில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும். பொறுமை இல்லாதவர்கள் புதுச் செடி வாங்கிக்கொள்ளலாம், நான் அதைத்தான் செய்கிறேன். கிள்ளினால் வரும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.

சீரியல் லைட் போட்டால் செடிக்கு வெளிச்சம் போதுமா?

போதாது.

குடில் செட்டில் பொம்மைகள் அதிகம், தொட்டி சின்னது. நெருக்கியடிக்கிறது. என்ன செய்வது?

எல்லாரையும் ஒரே நாளில் ஏன் வைக்க வேண்டும்? 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி நகரப் புனிதர் பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் கழுதையும்தான் இருந்தன. நீங்களும் மாட்டுக்கொட்டிலை மட்டும் பெரிய தொட்டியில் வையுங்கள். குழந்தை 24-ம் தேதி இரவு வரட்டும். மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் வீட்டின் அடுத்த மூலையில் இருக்கும் மணி பிளான்ட் தொட்டியில் நிறுத்தி, தினம் ஒரு தொட்டியாக நகர்த்தி, ராஜாக்கள் குழந்தையைப் பார்க்க வந்ததைக் கொண்டாடும் ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழாவுக்குக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து சேருங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால், நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது ஒட்டகம் நனையாமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.