அப்பப்பாவின் ஏட்டுக் கட்டுகளை வாசிகசாலைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பப்பா தம்பலகாமத்தில் பரியாரியாராக (நாட்டு வைத்தியராக) இருந்தவர். அவருடைய றங்குப் பெட்டியில் 14 ஏட்டுக் கட்டுகளும், இருபதுக்கு மேற்பட்ட பழைய அச்சுப் புத்தகங்களும், அவர் கைப்பட எழுதிய சில கொப்பிகளும் இருக்கின்றன. ஒரு கட்டு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறார்கள். ஊர் வாசிகசாலை தங்களுக்குத் தரும்படி கேட்கிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா தன்னிடம் அனுப்பச் சொல்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, திருகோணமலை)

பதில்:

தேங்காயெண்ணெய்ப் போத்தலை முதலில் குசினிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது ஆவியாகிப் போகிற எண்ணெய் இல்லை. ஓலையில் ஊறி நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் காறும், பூச்சியையும் கூப்பிடும். ஏட்டுக்கு எண்ணெய் போடுகிற வழக்கம் உண்டுதான். ஆனால் அது வாசனைப் புல்லிலிருந்து வடிக்கிற, ஆவியாகிப் போகிற புல்லெண்ணெய், அதுவும் கடைசியில் செய்கிற வேலை. முதலில் எண்ணிப் பட்டியல் போட வேண்டும், பிறகு படம் எடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து கெட்டவர்களில் நானும் ஒருவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கயிறு இற்றுப்போன கட்டொன்றை அவிழ்த்து, துடைத்து, எண்ணெய் தடவி, விறாந்தையில் பாய் விரித்துப் பரப்பி வைத்தேன். மத்தியானம் கச்சான் காற்று ஒருமுறை வீசியது. ஓலைகளின் இடது ஓரத்தில் இருக்க வேண்டிய எண்கள் ஏற்கெனவே உதிர்ந்துபோயிருந்தன. பாட்டின் பொருளைப் பிடித்துக்கொண்டே திரும்ப அடுக்க மூன்று மாதம் எடுத்தது. இரண்டு ஓலைகளுக்கு இன்றைக்கும் இடம் தெரியாது.

ஆகவே பட்டியல். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எண் போடுங்கள் (பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஊறும்). மேலும் கீழும் மரச்சட்டம் இருக்கிறதா, துளையில் ஓலைகளைக் கோர்க்கிற ஆணியான நாராசம் இருக்கிறதா, எத்தனை இதழ் (ஓர் ஓலை ஓர் இதழ்), நீளம் அகலம் என்ன, எத்தனை இதழ் முறிந்திருக்கிறது, இவ்வளவும் ஒரு கொப்பியில் ஏறட்டும். நாராசம் இரும்பாக இருந்து துருப்பிடித்திருந்தால் அதை இழுக்காதீர்கள், துளையோடு சேர்ந்து ஓலை கிழியும். இதழ் எண்கள் பெரும்பாலும் தமிழ் இலக்கத்தில், பூச்சியம் இல்லாத பழைய முறையில் இருக்கும்: 23 என்பது ௨௰௩. எழுத்துகளில் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. அதைப் பார்த்து 'வாசிக்க முடியாத ஏடு' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பழகினவர் வாசிப்பார். ஒழுங்கு பிசகியிருப்பதாகத் தோன்றினாலும் நீங்களாக மாற்றி அடுக்க வேண்டாம். இப்போது இருக்கிற ஒழுங்கிலேயே படம் எடுங்கள், திருத்துவதைப் படத்தில் செய்துகொள்ளலாம்.

படம் எடுக்க நல்ல போன் கமரா போதும். காலை வெளிச்சம் வருகிற யன்னலோரத்தில், கறுப்புச் சீலைமேல் ஓலையை வைத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டமும் கட்டின் எண்ணும் தெரிகிறாற்போல் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல் ஏதாவது தாங்கியில் பொருத்துங்கள். ஓர் இதழின் இரண்டு பக்கத்தையும் எடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மை பூசாத ஓலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். எழுத்தாணி கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. மை ஏற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்து விளக்குக்கரியைத் தேடி ஓடுவார்கள். அது தேவையில்லை. ஒரு டோர்ச்சை ஓலையின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஓலையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடியுங்கள். கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். அந்த வெளிச்சத்திலேயே படம் எடுக்கலாம். மை பூசினால், நொறுங்கும் நிலையில் இருக்கிற ஓலையைத் தேய்த்தாக வேண்டும். படமே வாசிக்கப் போதுமென்றால் அந்தத் தேய்ப்பு எதற்கு?

படங்கள் எல்லாம் முடிந்த பிறகு, உறுதியாக இருக்கிற ஓலைகளை மட்டும் துப்புரவாக்குங்கள். பிள்ளைகள் படம் கீறுகிற மெல்லிய தூரிகை, காய்ந்ததாக. தண்ணீர் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒரு துளி புல்லெண்ணெயைப் பஞ்சில் எடுத்து, ஓலையின் நரம்பு ஓடுகிற திசையில் லேசாகத் தடவி, காய்ந்த பஞ்சால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விறைத்த ஓலைக்குக் கொஞ்சம் வளைவு வரும், பூச்சியும் சில காலம் ஒதுங்கும். எந்த இதழிலாவது கீறாமல் மேலால் பேனாவோ தூரிகையோ கொண்டு எழுதியிருந்தால் அதில் எண்ணெய் படவே கூடாது, எழுத்தே கையோடு வந்துவிடும்.

பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை, ஏடு எடுத்தால் ஓரம் உதிர்வதையும் கட்டவிழ்த்தால் இதழ் முறிவதையும் 1887இல் தம் கலித்தொகைப் பதிப்பில் எழுதி நொந்திருக்கிறார். 135 வருடத்துக்கு மேலாகியும் எங்கள் நிலைமை அதேதான்.

சுற்றிவைக்கக் கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்த வெள்ளைப் பருத்திச் சீலை போதும். கஞ்சி என்றால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு. சிவப்புப் பட்டில் சுற்றும் வழக்கம் பார்க்க அழகுதான், நனைந்தால் சாயம் ஓலையில் இறங்கும். பூச்சி உருண்டை வேண்டாம், அதன் புகை வீட்டாருக்கும் நல்லதல்ல. வசம்பைத் தட்டிச் சிறு துணி முடிச்சாகக் கட்டி, ஓலையில் படாமல் பெட்டி மூலையில் வையுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் சுவடி நூலகத்தில் வசம்போடு வேறு சரக்குகளும் சேர்த்து இப்படிக் கட்டி வைக்கிற வழக்கம் இருக்கிறது.

திருகோணமலையில் பூச்சியை விடப் பெரிய எதிரி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை அடிக்கிற மழைதான். காற்றின் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலே போய் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், எங்கள் கடற்காற்றின் உப்பு ஈரத்தை இன்னும் இழுக்கும். இரும்பு அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் உள்ளே வியர்க்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி வைத்து, மழை விட்ட நாட்களில் கதவைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். நவராத்திரிக்கு ஏட்டை வெளியே எடுத்துப் பூசையில் வைத்த எங்கள் ஆட்கள் சும்மா செய்யவில்லை என்பது என் எண்ணம். மாரிக்கு முன்பு வருடத்தில் ஒருமுறையாவது கட்டு அவிழ்ந்து, செல் அரித்திருக்கிறதா என்று பார்வை படும்.

அச்சுப் புத்தகங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கிற அமிலத்தாலேயே பழுத்து ஒடியும். செலோடேப்பும் லமினேட்டும் மட்டும் வேண்டாம். முதலாவது மஞ்சள் கறையாகும், இரண்டாவதைப் பிறகு கழற்றவே முடியாது. பைண்ட் செய்யக் கொடுத்தால் ஓரம் வெட்டுவார்கள், அப்பப்பா ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பும் சேர்ந்து போகும். பூச்சி பிடித்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். ஏடுகளை இப்படிச் செய்து பார்க்க வேண்டாம்.

சரி, யாரிடம் கொடுப்பது? வாசிகசாலைக்கு மூலத்தைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன், பிரதியைத் தாராளமாகக் கொடுங்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் செயலாளர் மாறுவார், அலுமாரித் திறப்பு தொலையும். பிறகு யாரும் கேட்காததாலேயே அது திறக்கப்படாது. படங்களை அச்சடித்து ஒரு கோப்பாக வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் பயமில்லாமல் புரட்டுவார்கள். மூலத்தைப் பேண வீட்டில் ஆள் இல்லையென்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், வைத்திய ஏடு என்பதால் அங்கே பேசிப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும் கட்டு எண்ணும் இதழ் எண்ணிக்கையும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். வந்து கேட்கிறவருக்குக் காட்டுவோம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். படங்களின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்க வைத்துவருகிறார்கள்.

சித்தப்பாவுக்கும் படங்கள்தான். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் இப்படியான பொருட்களை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை போடுகிறது. பயணப் பெட்டியில் உடுப்போடு வைத்து அனுப்புகிற சாமான் இல்லை. அவரிடம் ஒரு பிரதி இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. எங்கள் ஊர்க்காரர் தி.த. சரவணமுத்துப்பிள்ளையை எடுங்கள். சென்னையில் சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர். அவர் 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' நாவலே நெடுங்காலம் தேடினாலும் கிடைக்காத புத்தகமாக இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வீட்டில் கட்டாயம் எழும்பும்: 'பரம்பரை மருந்து இரகசியத்தை ஊருக்கே காட்டுவதா?' இது நியாயமான தயக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட வேண்டியதில்லை. கைமுறை, மந்திரம் உள்ள கட்டுகளை 'குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும்' என்று குறித்து வையுங்கள், பட்டியலில் பெயராவது வரட்டும். பெயர் வெளியே தெரிந்தால்தான் ஆராய்கிறவர் வந்து கேட்பார். பழைய ஏடுகளுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. அப்பப்பா சொந்தமாக எழுதிய கொப்பிகளுக்கு அவர் காலமாகி 70 வருடம் வரை உரிமை உண்டு, அது இப்போது வாரிசுகளான உங்களிடம்தான் இருக்கிறது. ஆகவே குடும்பத்தார் கூடி எழுத்தில் ஒரு சம்மதம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் உள்ள மருந்தைப் பார்த்து யாரும் வீட்டில் காய்ச்சிக் குடிக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். அளவும் சரக்கின் பெயரும் ஏட்டுக்கு ஏடு மாறும்.

ஒட்டிப்போன அந்தக் கட்டு: கத்தி, ஊசி, ஆவி எதுவும் வேண்டாம். நான்கு பக்கத்தையும் வெளியிலிருந்து படம் எடுத்து, பட்டியலில் 'கட்டு எண் 14, ஒட்டியது' என்று எழுதி, தனிச் சீலையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். சுவடிப் பாதுகாப்புப் பழகிய ஒருவர் வந்து பார்க்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.